கத்தி படாத கேக்

ரொட்டி சுடுகிறவனுக்கு ஒரே கவலைதான்: வெந்ததா, வேகவில்லையா. கேக் செய்கிறவனுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. வெந்த பிறகு நாலு பேர் அதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள்; பார்க்கிறவர்கள் சும்மா பார்க்க மாட்டார்கள். விருந்தாளி வருகிற நேரத்தில் அல்வா இறுகிப்போய், கரண்டியும் கையுமாக அடுப்பங்கரையில் திருதிருவென்று விழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்மவர், மேலே படியுங்கள். விழிக்காதவர்களும் படிக்கலாம். உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வீடு வியாசர்பாடியில், வேலை ராயபுரத்தில் ஒரு சின்ன பேக்கரியில். எட்டு வருஷமாக ரொட்டி மாவு பிசைந்த கை என்னுடையது. கண் மட்டும் கேக் மேசை மேலேயே இருந்தது.

தொப்பி வந்தது, நோட்டு போனது

அந்தக் கேக் மேசை பீட்டர்ஸ் துரையுடையது. ஆங்கிலோ இந்தியர், நல்ல மனுஷர், கோபம் வந்தால் மட்டும் தமிழில் திட்டுவார். கிறிஸ்துமஸ் விருந்தில் மேசைக்கு நடுவே வைக்க அவர் செய்து தரும் கேக்குகள் பேர் பெற்றவை. மாதா கோயில் செய்வார், மணிக்கூண்டு செய்வார், குதிரை வண்டி செய்வார். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்பே குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். போகும்போது செய்முறை எழுதிய நோட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, என் ஞாபகமாக வைத்துக்கொள் என்று தன் வெள்ளைத் தொப்பியை எனக்குக் கொடுத்தார். அது எனக்குக் காது வரை இறங்கியது.

முதலாளி தேவசகாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கேக் மேசையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னும் நாலு ரஸ்க் தட்டு அடுக்கலாம் என்று நினைத்தார். இந்த ஒரு கிறிஸ்துமஸ் பாருங்கள், அப்புறம் முடிவு பண்ணுங்கள் என்று காலையும் மாலையும் நச்சரித்தேன். தொல்லை தாங்காமல் ஒரு நாள் இறங்கி வந்தார்.

"ஏலே மாசிலாமணி, கிறிஸ்மஸ் அன்னைக்கு நீ செய்யிற விருந்துக் கேக்கு ஒரு துண்டு மிச்சமில்லாம போச்சுன்னா மேசை ஒனக்கு. மிஞ்சி நின்னுச்சுன்னா நீ மாவுத் தொட்டிக்கு, மேசை வெறகுக்கு. பெறவு பேச்சு கெடையாது, பாத்துக்கோ."

மூணு தெருவுக்கு வாசனை

பழக் கேக்குக்கு உலர்ந்த திராட்சையை ரம்மில் ஊறப்போட வேண்டும். பட்டணத்திலோ மதுவிலக்கு வந்துவிட்டது. ரம்முக்கு எங்கே போவது? வெல்லப்பாகு, இஞ்சிச் சாறு, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் கிராம்பு எல்லாம் போட்டு ஒரு பெரிய ஜாடியில் திராட்சையை ஊறவைத்தேன். ஒரு வாரம் கழித்து ஜாடியைத் திறந்தால், எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி ஒரு மணம்.

சந்தேகம் எனக்கு மட்டும் வரவில்லை. மறுநாளே போலீஸ்காரர் ஒருவர் மூக்கை உயர்த்திக்கொண்டு கடைக்குள் நுழைந்து, நேராக ஜாடியின் முன்னால் போய் நின்றார். அவர் ஒரு கரண்டி மொண்டு முகர்ந்தார், நாக்கில் விட்டார், கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு கரண்டி குடித்தார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படி மனம் உடைந்த போலீஸ்காரரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"இன்னாய்யா இது, வெறும் இஞ்சித் தண்ணி! மூணு தெரு வாசனை புடிச்சிகினு வந்தேன், ஒரு மனுசன இப்டியா ஏமாத்துவே?"

பிரேக் இல்லாத இஞ்சின்

டிசம்பர் நடுவில் பெரம்பூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து விருந்து வைக்கிறார்களாம், அதற்கு ரயில் இஞ்சின் மாதிரி கேக் வேண்டுமாம். பெரிய பரீட்சைக்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ரொட்டி டின்னில் சுட்ட கேக்தான் உடல், பிஸ்கட்டுதான் சக்கரம். சர்க்கரை ரேஷன் காலம், அதனால் மேல்பூச்செல்லாம் வெல்லமும் முந்திரி மாவும்.

கேக்கைக் கொண்டுபோய் வைத்ததும் பெண்களும் பிள்ளைகளும் தட்டோடு வந்தார்கள். ஆண்கள் விட்டால்தானே? சுற்றி உட்கார்ந்து, குனிந்து பார்த்து, சக்கரத்தை எண்ணி, புகைபோக்கி முன்னே தள்ளியிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை பின்னே தள்ளியிருக்கிறது என்று இன்னொருவர் சொல்ல, அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒரு அம்மாள் பொறுமை இழந்து புகைபோக்கியைப் பிடுங்கித் தன் பிள்ளை வாயில் வைத்த பிறகுதான் விருந்து தொடங்கியது. தொடங்கிய பிறகு பத்து நிமிஷத்தில் சக்கரம் கூட மிஞ்சவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டே ஒரு ஃபிட்டர் வந்து என் தோளில் கை போட்டார்.

"ருசி ஷோக்கா கீது மாமு. ஆனா பிரேக்கே வெக்காம வண்டிய வெளிய வுட்டுட்டியே, அதான் இப்டி நிக்காம ஓடிப்பூட்சி."

படகு

பெரிய பரீட்சை கிறிஸ்துமஸ் அன்று. பேக்கரிக்குப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பூசை முடிந்ததும் எல்லாரும் கோயிலை ஒட்டிய பந்தலில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்தக் குப்பத்தின் தலைவர் சூசையும், மீன் விற்கும் பெண்களுக்கெல்லாம் பெரியவளான ஆரோக்கியம்மாவும் கடைக்கு வந்து, "எங்க தொழிலு தெரியணும், ஒரு படகு பண்ணிக் குடு" என்று கேட்டார்கள். நான் பாய்மரப் படகு ஒன்று செய்தேன். நீளம் இரண்டு முழம். பாய்க்கு மட்டும் சர்க்கரைத் தகடு. கடல் காற்று ஈரத்தில் அது இரண்டு தடவை தொங்கிப்போய், மூன்றாவது தகட்டைத்தான் நிமிர்த்தி நிறுத்தினேன். பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது தெருவே கூட வந்தது.

பந்தலில் சூசை கத்தியை எடுத்தார். படகைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் கத்தியைக் கொடுத்தார். அவர் வாங்கி, தன் மச்சானிடம் கொடுத்தார். கத்தி பந்தலை ஒரு சுற்று சுற்றிச் சூசையிடமே திரும்பி வந்தது. வெட்கப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நானே கத்தியை வாங்கிப் படகின் நடுவில் வைக்கப் போனேன். ஆரோக்கியம்மா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னா நைனா பண்றே? படகுல கத்திய வெச்சிட்டு, நாளிக்கு ஆம்பளைங்கள எப்டி கடலுக்கு அனுப்புறது?" என்றாள். கேட்ட அவர்களுக்கும் முன்னால் இது தோன்றவில்லை, செய்த எனக்கும் தோன்றவில்லை. யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. நாலு பேர் படகைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டுபோய் மாதா சொரூபத்தின் காலடியில் வைத்தார்கள். தட்டோடு நின்ற பிள்ளைகளுக்கு, என் பரீட்சையைப் பார்க்க வந்த முதலாளி கையோடு கொண்டுவந்திருந்த பன்னைக் கொடுத்தார்கள்.

அழுகை வந்தது எனக்கு. மறைக்கவில்லை. முதலாளி காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பன்னு பூராவும் போயிருச்சு. கேக்கு கன்னி கழியாம அப்படியே நிக்கி. இனி நீயே சொல்லு, மேசைய எப்பம் ஒடைக்கட்டும்?"

கரையில் பார்த்தது

இரண்டு நாள் கழித்துப் பலகையை எடுத்து வரப் போனேன். மாதா காலடியில் எறும்புகள் என் படகைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவை கத்தி கேட்கவில்லை. வீடு திரும்ப மனமில்லாமல் கரையில் போய் உட்கார்ந்தேன்.

கட்டுமரம் ஒன்று கரையேறியது. இரண்டு பேர் மீனை இறக்கினார்கள், வலையை உதறினார்கள். பிறகு மரங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகப் பிரித்து மணலில் போட்டார்கள். ஐந்து மரம், தனித்தனியாக. எத்தனையோ வருஷம் அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன், இதை நின்று பார்த்ததில்லை. நல்ல மரத்தை ஏன் இப்படிப் பிரித்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கட்டியே போட்டா தண்ணி குட்ச்சி கனத்துப்பூடும்பா. கரைக்கு வந்தா அவுத்துடணும். வெட்டவா சொல்றோம், அவுக்கத்தானே சொல்றோம்?"

சோடாக் கடை முடிச்சு

ஓடினேன். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, குப்பத்துப் புது வருஷ விருந்து வரை மேசையை உடைக்காமல் இருக்கச் சொன்னேன். ஊரே "தின்னாத கேக்" என்று பேசிச் சிரித்ததில் அவருக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்பு. முறைத்தார், ஆனால் மாவு கொடுத்தார்.

ஐந்து நீளக் கேக் சுட்டேன். முனையைச் சீவி லேசாக மேலே வளைத்து, வெல்லம் பூசி மரத்தின் நிறம் ஏற்றினேன். முந்திரி மாவைத் திரித்துக் கயிறாக்கி, ஐந்தையும் சேர்த்துக் கட்டினேன். புது வருஷத்தன்று மத்தியானம் அதே பந்தல், அதே பலகை, அதே ஆட்கள். கத்தியை நான் கொண்டுபோகவே இல்லை.

சூசை குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். முகம் சுளித்தது. "இன்னாபா, சோடாக் கடைக்காரன் முடிச்சு போட்டுக்கிறே? இது முதல் அலைக்கே பிச்சிக்கும்" என்றவர், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து முந்திரிக் கயிற்றைத் தன் முறைப்படி மறுபடி கட்டினார். காப்புக் காய்த்த அந்த விரல்களில் ஒரு இழை கூட அறுந்து போகவில்லை. கட்டி முடித்து, எல்லாரும் பார்க்க ஒரு நிமிஷம் விட்டு, நிதானமாக அவிழ்த்தார். மரம் ஐந்தும் பிரிந்து விழுந்தன.

ஆரோக்கியம்மாதான் முதலில் கை நீட்டினாள். "அவுத்தாச்சு, கரைக்கு வந்தாச்சு. இனிமே இன்னா, குடுங்க புள்ளைங்களுக்கு" என்று ஒரு மரத்தைக் கையாலேயே பிட்டாள். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. கயிற்றுக்காக இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் மூலையில் நின்று பீட்டர்ஸ் துரையின் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமான நாள் கொஞ்சம்தான்.

முதலாளி வந்து பலகையின் மேல் ஒற்றை விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தார். விரலில் ஒட்டிய தூளை வாயில் போட்டுக்கொண்டு கடையைப் பார்க்க நடந்தவர், பாதி வழியில் திரும்பி நின்றார்.

"பலகைய மறந்துராம எடுத்துட்டு வால. அடுத்த வருசத்துக்கும் வேணும்லா?"

அன்றிலிருந்து கேக் ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும், எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் எப்படித் தின்பீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். இதனால் என்னைக் கொஞ்சம் மரை கழன்றவன் என்று ராயபுரத்தில் சிலர் சொல்வதுண்டு.