கை நனைக்காத நர்சம்மா

எங்கள் மலைக்கு வரும் நர்சம்மா குள்ளம். வெயிலில் அலைந்து கறுத்த முகம். தன் பேச்சைக் கேட்காத வீட்டில் அவள் கை நனைக்க மாட்டாள்.

என் மருமகளுக்கு நிறைமாதம், கால் வீங்கியிருந்தது. பிரஷர் பார்த்த நர்சம்மா, இன்றைக்கே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். மண் தடத்தில் ஆம்புலன்ஸ் ஏறாது என்று அவளே போய் ஜீப்பும் பிடித்து வந்தாள்.

"நாலு புள்ளயும் இந்த வூட்டுலதான் பெத்தேன். எந்த ஜீப்புல ஏறுனேன்?" என்றேன்.

"உங்களுக்கு பிரஷர் இல்ல ஆயா. இவளுக்கு வலிப்பு வந்தா ரெண்டு உசுரும் போயிரும்."

வட்டிலில் களியும் கீரையும் போட்டு நர்சம்மா முன்னால் வைத்தேன். அவள் வயிறு இரைவது எனக்கே கேட்டது.

"ஏன், எங்க வூட்டுக் களி ஆவாதா?"

"பசி தாங்கலீங்க ஆயா. ஆனா இவ ஜீப்புல ஏறாம தொடமாட்டேன்."

என் வீட்டிலிருந்து யாரும் பசியோடு போனதில்லை. "ஏறித் தொலைடி" என்று மருமகளை நானே ஏற்றினேன். நர்சம்மா வட்டிலோடு ஓடிவந்து ஜீப்பில் உட்கார்ந்தே தின்று தீர்த்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வலிப்பு வந்தது. டாக்டர்கள் பக்கத்தில் இருந்ததால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"கெட்டிக்காரிதான், ஆனா சண்டக்காரி" என்றேன் நர்சம்மாவிடம்.

"ரோடு இருந்தா ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்துரும். உங்ககூட எதுக்கு ஆயா சண்ட போடறேன்?"

இப்போது ஓட்டுக் கேட்டு மலையேறி வருகிறவர்களை நிறுத்தி, ரோடு எங்கே என்று கேட்கிறேன். கும்பிட்டுவிட்டு நழுவப் பார்க்கிறார்கள். நான் வழி விடுவதில்லை.