ஆறு கையெழுத்தில் ஒரு வாக்கியம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்பா, ஷிவல்ரிக்குத் தமிழ்ல இன்னா?"

"வீரம்னு போடு."

"வீரம் வேறப்பா."

"அப்போ மரியாதைன்னு போடு."

"அதுவும் வேற."

அவள் சொன்னது சரிதான். கவசம் போட்டுக் குதிரை ஏறுகிறவன் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவதும், பலமில்லாதவர்களுக்கு முன்னால் போய் நிற்பதும், ஒரு சீமாட்டிக்காக ஊர் ஊராய் அலைவதும், தோற்றவனையும் கௌரவமாக நடத்துவதும் எல்லாம் சேர்ந்தது அது. அத்தனைக்கும் ஒரே சொல் நம்மிடம் இல்லை. இது எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். அந்தச் சொல்லை வைத்துக் கொஞ்ச காலம் பிழைத்திருக்கிறேன். கடுகு கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

வாணியம்பாடியில் பி.ஏ. முடித்தபோது என்னோடு படித்த தோஸ்துகள் பாதிப்பேர் தோல் மண்டிக்கும் ஷூ கம்பெனிக்கும் போனார்கள். எனக்கு அந்த வாசனை ஆகாது என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த அஞ்சல்வழிக் கல்வி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே ஷூ சாமான் கடை. சோல், நாடா, டின் டின்னாகப் பசை. வாசனைக்குப் பயந்து ஓடிய ஆளுக்கு நாள் முழுக்கப் பசை வாசனை. பதினோரு மணிக்கு மேல் மூக்கு மரத்துவிடும். பிறகு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மாதான் முகத்தைச் சுளித்துக்கொண்டு "குளிச்சிட்டு வா" என்பாள்.

மையத்தை நடத்தியவரை டைரக்டர் என்று கூப்பிட வேண்டும். மொத்தத்தில் அங்கே இருந்தது அவர், நான், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. விண்ணப்பம் நிரப்புவது, ஞாயிறு வகுப்புக்கு நாற்காலி போடுவது, வருகிற பெரிய மனிதர்களுக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் வேலை. முக்கியமான வேலை ஒன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கட்டுரை எழுதித் தருவது.

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்கள் தாளுக்கு ஒரு கட்டுரை கையால் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அது தேறினால்தான் ரிசல்ட் வரும். எங்களிடம் படித்தவர்கள் பெரும்பாலும் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள். எங்கே உட்கார்ந்து எழுதுவார்கள்? நான் ஒன்று எழுதி வைப்பேன். ஆளாளுக்குத் தங்கள் கையெழுத்தில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அங்கங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒருவரும் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டார்கள்.

அந்த வருஷத் தலைப்பு, மத்தியகால ரொமான்ஸ் இலக்கியத்தில் ஷிவல்ரி. ரொமான்ஸ் என்றதுமே பின் வரிசையில் சிரிப்பு. இது அந்த ரொமான்ஸ் இல்லை, பழைய காலத்துக் குதிரைவீரர் கதைகளுக்கு அப்படிப் பெயர் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"குதிரை ஜாஸ்தி, காதல் கம்மி. அப்டியா சார்?" என்றார் தோல் கிடங்கில் கணக்கு எழுதும் ஒருவர்.

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

அந்தக் கட்டுரைக்கு நான் ரொம்ப மெனக்கெட்டேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த இரண்டு கைடுகளைக் கலந்து, வீரனின் ஐந்து குணங்கள் என்று வரிசை போட்டு எழுதினேன். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொந்தச் சரக்கு. 'உண்மையான வீரன் இன்னொருவருடைய கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.' ஆங்கிலத்தில் இன்னும் எடுப்பாக இருக்கும். அதை எழுதி முடித்ததும் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். அவ்வளவு திருப்தி.

அந்த வகுப்பில் குணவதி என்று ஒருத்தி இருந்தாள். மாதனூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அவள் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பாள். தைத்து வரும் ஷூ மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் பிசகியிருந்தால் ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். என்னைவிட ஒரு வயது பெரியவள். ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

என் கட்டுரையை எல்லோரும் வாங்கிக்கொண்டு கிளம்பிய அந்த ஞாயிறு அவள் மட்டும் நின்றாள்.

"சார், நான் சொந்தமா எழுதிட்டேன். பாத்துச் சொல்றீங்களா?"

ஏழு பக்கம். கோடு போட்ட தாள். ஆங்கிலத்தில் அங்கங்கே பிழை இருந்தது. நின்றபடியே படிக்க ஆரம்பித்தவன் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதைகளில் சீமாட்டி தன் கையுறையைக் கழற்றி வீரனுக்கு அடையாளமாகக் கொடுப்பாள் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் குணவதி. அவன் அதை ஈட்டியில் கட்டிக்கொண்டு போய்விடுகிறான். வருஷக்கணக்காக அவனோடுதான் கதை போகிறது. ஜன்னலில் நின்றவள் அத்தனை நாள் என்ன செய்தாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் வேறு கையுறை இருந்ததா? அதைத் தைத்தது யார்? வீரன் காப்பாற்றுகிற பெண்களில் வேலைக்குப் போகிற ஒருத்திகூட ஏன் இல்லை? அவளுக்கு ஆபத்தே வராதா? இப்படிப் போயிற்று. கடைசிப் பக்கத்தில், தன்னுடைய லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்ததையும், பக்கத்து மெஷின்காரி தன் மெஷினை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனதற்காகத் திட்டு வாங்கியதையும் எழுதி, இதை எந்தப் பெயரில் சேர்ப்பது என்று கேட்டிருந்தாள்.

"நல்லாதான் இருக்கு" என்றேன். "ஆனா திருத்துறவங்களுக்கு இது வேணாம்."

"அவங்களுக்கு இன்னா வேணும் சார்?"

"வீரனோட குணங்கள். அஞ்சு பாயிண்டு."

"நான் எழுதுனது தப்பா?"

"தப்பில்ல. மார்க் வராது."

அவள் தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள். பிறகு சொன்னாள். "ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஜூன்ல இங்கிலீஷ் டீச்சரா சேத்துக்கறேன்னு எச்.எம். சொல்லியிருக்காங்க. ரிசல்ட் கையில இருக்கணும். நீங்க சொன்னா சரியாதான் சார் இருக்கும்."

தன் ஏழு பக்கத்தை என் மேஜையில் வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் அப்படிச் சொன்னேன்? மார்க் வராது என்று உண்மையிலேயே நம்பினேனா, பொறாமையா? இப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நடுத்தர வயது, மெதுவான குரல். ஆறு பேர் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிடச் சொன்னார். குணவதியும் வந்து சுவரோரமாக நின்றாள். நான் டீ தட்டோடு வாசலில் நின்றேன்.

அவர் ஆறு கட்டுரைகளையும் மேஜையில் பரப்பினார். ஒன்றை எடுத்து என் வாக்கியத்தைப் படித்தார். அடுத்ததை எடுத்து அதையே படித்தார். ஆறு கையெழுத்து, ஆறு தடவை. உண்மையான வீரன் இன்னொருவருடைய கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் தடவை கேட்டபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது.

"ஸ்டூடண்ட்ஸ் அவங்களுக்குள்ள பாத்து எழுதியிருப்பாங்க சார். சென்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார் டைரக்டர்.

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. "எழுதினது யாருன்னு சொல்லிட்டா, அந்த ஒருத்தரோட இது முடிஞ்சிடும். மத்தவங்க ஒரு மாசத்துல வேற எழுதித் தரலாம். இல்லன்னா ஆறு பேருக்கும் இந்த வருஷம் ரிசல்ட் கிடையாது. எனக்கு வேற வழியில்ல."

ஐந்து பேர் தரையைப் பார்த்தார்கள். டைரக்டரை அவர்களால் பகைத்துக்கொள்ள முடியாது. குணவதி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, கோபமும் இல்லை. தினமும் தோலைத் திருப்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி, அவளிடம்.

அவள் திரும்பி மேஜையில் கிடந்த தன் கட்டுரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தெரியாது சார்."

நான் டீயை மேஜையில் வைத்தேன். பயமாக இருந்ததா என்றால், இல்லை. உள்ளே என்னவோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. டம்ளர்களை நேராக அடுக்கினேன், நினைவிருக்கிறது.

எல்லோரும் போன பிறகு படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

"ஏன் என் பேரச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். கீழே கடை வாசலில் பசை டின்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாள்.

ஆறு பேருக்கும் ரிசல்ட் வரவில்லை. ஜூனில் அந்தப் பள்ளியில் வேறு யாரையோ சேர்த்துக்கொண்டார்கள். குணவதி அதற்குப் பிறகு ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. நான் மையத்தை மூடும்வரை இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்தேன், வேறு தலைப்புகளில் வேறு கட்டுரைகள் எழுதினேன். அப்புறம் வேலூரில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலை, கல்யாணம், இந்த வீடு.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆம்பூர் ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவுக்கு இன்சார்ஜ் ஆகியிருந்தாள். எம்.ஏ.வை முடிக்கவில்லை. "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லாம போச்சு, அப்டியே விட்டுட்டேன்" என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாயில் வார்த்தைகூட வந்துவிட்டது.

"சார்," என்றாள் அவள், "அன்னிக்கு ஒங்ககிட்ட ஏழு பக்கம் குடுத்தேனே, அது இருக்குதா? வேற காப்பி எடுத்து வெக்கல. என் பொண்ணு கேக்கறா."

"இருக்கும். தேடிப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

நம்பர் கொடுத்தாள். ரயில் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

தேட ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மையத்தை மூடியபோது மேஜையோடு இருந்த காகிதம் முழுவதையும் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போனார், நான்தான் மூட்டை கட்டிக் கொடுத்தேன். பிறகு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். மாடி இருந்த உயரத்தில் இப்போது பாலம் போகிறது. ஷூ சாமான் கடை எங்கே போனதென்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. டைரக்டர் பெங்களூர் போய்விட்டார் என்கிறார்கள். கட்டுரைகளை இப்போது யாரும் கையால் எழுதுவதில்லை.

குணவதியை நான் அழைக்கவே இல்லை. அந்த ஏழு பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட எனக்கு முழுதாக நினைவில்லை. மேலே நான் எழுதியிருப்பது வெறும் சுருக்கம்தான். அவள் இதைவிட நன்றாக எழுதியிருந்தாள்.