வலிக்கு ஒரு கிழங்கு தேடி ஹாலேக்கு

மார்ச் கடைசி வாரத்தில் அம்மாவும் நானும் ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் எசனிலிருந்து ஹாலே நகருக்குப் போய் வந்தோம். இருபது வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிய அம்மாவின் இடுப்பு இப்போது ஓயாமல் வலிக்கிறது. வலி மாத்திரைகளை வயிறு ஏற்பதில்லை. சீன மருத்துவத்தில் வலிக்குக் கொடுக்கும் யன்ஹூசுவோ என்ற கிழங்கை எழுதித் தரும் மருத்துவர் ஒருவர் அங்கே இருப்பதாக அறிந்து, நான்கு மாதம் காத்திருந்து அவரைப் பார்க்க டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்தோம்.

காலை 6.24க்கு ரயில். ஹனோவரில் மாற வேண்டும். முதல் ரயில் பதினேழு நிமிடம் பிந்தியதால் அம்மாவை ஓடவைத்தேன். மாறுவதற்கு அரை மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது ரயிலில் மீன் பணிஸ் பொட்டலத்தை அவிழ்த்தபடி அம்மா சொன்னார்:

"ஈரல் விசயத்தை டொக்டரிட்டச் சொல்லிப்போடாதை, பிள்ளை. சொன்னா தரமாட்டா."

போன மாரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அம்மாவின் ஈரல் நொதிகளின் அளவுகள் கூடியிருந்தன. பத்து வயதிலிருந்து அம்மாவுக்காக அலுவலகங்களில் டொச் (ஜெர்மன் மொழி) பேசுகிறவள் நான். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பதும் அந்த வேலையில் அடங்கும்.

நிலையத்திலிருந்து டிராமில் பதினைந்து நிமிடம். மருத்துவர் மஞ்சள் வில்லைகளாக வெட்டிய கிழங்கைக் காட்டினார், வினாகிரி மணத்தது. அதிலுள்ள டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற பொருள் வலியைத் தணிக்கும், சிலருக்கு ஈரலையும் தாக்கும் என்றார். ஈரலில் ஏதும் பிரச்சினை இருந்ததா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். பழக்கம்.

அவர் எழுதத் தொடங்கினார். பேனா இரண்டாவது வரிக்கு வந்தபோது என்னால் முடியவில்லை, உண்மையைச் சொன்னேன். அம்மாவுக்கு என் வசனம் புரிந்திருக்காது. ஆனால் ஈரலுக்கான டொச் சொல்லை அவர் அந்த மாரியிலேயே பழகிவிட்டார். மருத்துவர் தாளைக் கிழித்தார். அம்மா சிரித்த முகத்தோடு அவருக்கு நன்றி சொன்னார்.

திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஆற்றங்கரைக் காட்டில், இலை துளிர்க்காத மரங்களின் கீழே, ஒரு சிறு செடி ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"இதே அந்தக் கிழங்கு?"

"அதின்ர சொந்தக்காரர், அம்மா."

"சொந்தக்காரர் எண்டா உதவமாட்டினம்" என்றார். திரும்பும் ரயிலில், எசன் வரும்வரை, ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஆலோசனைக் கட்டணம் 110 யூரோ; எங்கள் காப்புறுதி அதைத் தரவில்லை. காட்டிலுள்ள செடி நஞ்சு, தொடாதீர்கள். இணையத்தில் விற்கும் கிழங்குத் தூளை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். மொழிபெயர்க்க வெளியாள் ஒருவரைப் பிடியுங்கள், மகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

அம்மா அதே கிழங்குக்காக வேறொரு ஊரில் டெர்மின் எடுத்திருக்கிறார். மொழிபெயர்க்கப் பக்கத்து வீட்டு அக்கா கூடப் போகிறார். இரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து அம்மாவின் கைப்பையில் வைத்தேன். மறுநாள் காலை அது என் மேசையில் இருந்தது.