டிராக்டருக்குப் பின்னால் ஏந்திய வைக்கோல்

எங்கள் ஊரில் எல்லா வருஷமும் நெல் விளையாது. கண்மாய் பெருகினால் உண்டு, இல்லாவிட்டால் மானாவாரிக் கடலையும் கம்பும்தான். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து நெல் நன்றாக வந்தது. அந்த வருஷம்தான் என் மனைவியின் அண்ணன் நரிக்குடிப் பக்கம் ஒரு பழைய டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்புப் பெயிண்ட் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. செல்ப் ஸ்டார்ட் வேலை செய்யாது. அதனால் எப்போதும் கண்மாய்க் கரைச் சரிவில்தான் நிறுத்துவார். உருட்டிவிட்டால்தான் இஞ்சின் பிடிக்கும். நிறுத்துவதற்கே மேடு தேடுகிற வண்டியை எப்படி நம்புவது என்று எனக்கு முதல் நாளே தோன்றிவிட்டது.

கதிரைக் கையால் அடித்து நெல்லை எடுத்தபின் வைக்கோல் தாளில் கொஞ்சம் மணி ஒட்டியிருக்கும். அதற்காகத் தாளைக் களத்தில் பரப்பி மாடுகளைச் சேர்த்துக் கட்டிச் சுற்ற விடுவோம். அதைப் பிணையல் என்போம். இந்தத் தடவை பிணையலுக்கு டிராக்டரை விடுவோம், வைக்கோல் பஞ்சு மாதிரி நசுங்கி வரும், மாடு ஆசையாகத் தின்னும் என்றார் மச்சான். என் மனைவியும் அண்ணன் பக்கம் பேசினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் சோறு ருசிக்காது.

என்னிடம் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. அந்த வைக்கோலை வைத்துத்தான் அடுத்த மழைவரை அவற்றைக் காப்பாற்ற வேண்டும். களத்தோரம் அவற்றைக் கட்டியிருந்தேன். மச்சான் வண்டியில் ஏறும் முன் அவற்றைப் பார்த்துவிட்டு, “இனிமே இதுகளக் கட்டித் தீனி போட்டு என்ன மாப்ளே செய்யப் போறீக? உழவுக்கும் நானே வாரேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாடு இல்லாமல் போனால் மழை பெய்த மறுநாள் நான் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் முதலில் யார் காட்டை உழுவார்?

சக்கரத்தைக் கழுவாமல் களத்தில் ஏறக்கூடாது என்றேன். கழுவினார். பிறகு குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன். இஞ்சினுக்குக் கீழே கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆயில் ஒழுகுகிறதே என்றேன்.

“அது வேர்வை மாப்ளே. ஒழைக்கிறவனுக்கு வேர்க்கத்தான் செய்யும்.”

வண்டி சுற்ற ஆரம்பித்தது. மாட்டுப் பிணையல் விடும்போது பின்னால் ஒரு ஆள் நடப்பது வழக்கம். மாடு வாலைத் தூக்கினால் ஒரு கை வைக்கோலை எடுத்துச் சாணியை ஏந்திவிட வேண்டும். நெல்லில் விழக்கூடாது. எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. வைக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் நடந்தேன். வண்டி திரும்புகிற இடத்தில் மெதுவாகும். அப்போது ஓடிப்போய் அடியில் நீட்டி இரண்டொரு சொட்டை ஏந்துவேன். சொட்டு விழுந்த தாளையும் பொறுக்கி எடுத்துக் களத்து மூலையில் தனியாகப் போட்டேன். களத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். “மாப்ளே, தள்ளி வாங்க. சாணி போட்டாச் சொல்லிவிடுறேன்.”

சாயங்காலம் வைக்கோலைப் படப்பாக அடுக்கி முடித்தோம். மூலைக்குப் போய்ப் பார்த்தேன். நான் ஒதுக்கி வைத்த ஆயில் வைக்கோலைக் காணோம். யாரோ தெரியாமல் படப்பில் சேர்த்திருக்க வேண்டும். அல்லது தெரிந்தே சேர்த்திருக்க வேண்டும். எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படப்பைப் பிரிக்கிறேன் என்றால் ஊரே கூடிச் சிரிக்கும்.

அன்றிலிருந்து படப்பில் கை வைக்கவில்லை. வீட்டில் கடலைக்கொடி கிடந்தது. அதையே மாடுகளுக்குப் போட்டேன். மச்சான் வரும்போதெல்லாம் படப்பைத்தான் முதலில் பார்ப்பது போல எனக்கு இருக்கும். “என்ன, படப்பு அப்படியே நிக்கிது?” என்று ஒருநாள் கேட்டார். அது ஏன் அவருக்கு?

பங்குனியில் கொடி தீரும் நிலைக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் படப்பின் ஓரத்தில் பிடுங்கி, மோந்து பார்த்து, ஒரு அள்ளு கொண்டுபோய்ப் போட்டேன். இரண்டு மாடும் மூக்கை வைத்து, புஸ் என்று ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. மறுநாள் வேறு பக்கத்தில் பிடுங்கிப் போட்டேன். அதே கதைதான். வாயில்லா ஜீவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். படிப்பை ஆறாவதோடு விட்டவன் நான். ஆனாலும் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டினி போட்டுக் கொல்வதைவிட விற்பது மேல் என்று தரகரை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

அது தெரிந்ததும், எதற்கு விற்க வேண்டும் என்று மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். உன் அண்ணன் வண்டி ஆயில்தான் காரணம், அந்த வைக்கோல் படப்புக்குள் கிடக்கிறது என்றேன்.

“அதவா? அத நான் அன்னைக்கே அள்ளிக்கிட்டுப் போயி அடுப்பு எரிச்சேன். நல்லாத்தான் பத்துச்சு.”

அப்படியென்றால் மாடு ஏன் தின்னவில்லை என்று கேட்டேன்.

“கடலக்கொடி தின்ன வாயி வைக்கலத் திங்குமா? நீங்க நெல்லுச்சோறு கண்ட நாள்ல கம்பங்கஞ்சி குடிச்சீகளா?”

அன்று சாயங்காலம் கொடியை அவளே எடுத்து மூடி வைத்துவிட்டாள். மாடுகளுக்குக் கழுநீர் மட்டும் காட்டினாள். விடிந்ததும் வைக்கோலை உதறி, உப்புத் தண்ணீர் தெளித்துப் போட்டாள். முதலில் ஊதின. அப்புறம் ஒன்று நாக்கை நீட்டி ஒரு தாளை இழுத்தது. மற்றதும் இழுத்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாயில் நுரை வருகிறதா, அசை போடுகிறதா என்று பார்த்தேன். மதியம் சாணியைக் குச்சியால் கிளறியும் பார்த்தேன். ஒன்றுமில்லை. தரகர் வந்தபோது மாடுகள் தின்றுகொண்டிருந்தன. அவருக்கு மோரைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் கோடை முழுக்க அவை அதைத்தான் தின்றன. ஆவணியில் மழை விழுந்ததும் என் மாட்டைக் கட்டித்தான் உழுதேன். மச்சான் வண்டி அடுத்த காட்டில் உழுதுகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு கண்மாய் நிறைந்த வருஷம் அதே வண்டி மறுபடி களத்துக்கு வந்தது. அன்று போலவே குனிந்து பார்த்தேன். இஞ்சினுக்கு அடியில் ஒரு தகர டப்பாவைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வை என்றால் எதற்கு டப்பா?

வண்டி கிளம்பியது. நான் ஒரு கை வைக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். டப்பா நிறைந்தால் என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லையே.