பிரெஞ்சு வீட்டு ஜன்னல்

மூலக்குளத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரிக்க வந்த ஆசாரி, மீசையில் பாதிக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார். எந்த மரத்தையும் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்ப்பார். ஜன்னல்களை உடையாமல் கழற்றி, "புது வீட்டுக்கே வெச்சிக்கலாம் சார்" என்றார்.

"பழசெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

புது வீடு எழும்பியதும், வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் விடும் சாய்பலகை ஜன்னல்களைக் கொண்டுவந்தார். "டவுன்ல பிரெஞ்சுக்காரன் காலத்து வீட்ல கழட்டுனது சார்." ஆசையாக மாட்டினோம். ஏசி வாங்கும் யோசனையே போய்விட்டது.

ஒருநாள் துடைக்கும்போது சட்டத்தின் அடியில் என் பெயர் தெரிந்தது. பள்ளி நாளில் நானே கீறியது. உடனே ஆசாரிக்குப் போன் செய்தேன்.

"இது எங்க ஜன்னலாச்சே!"

"ஆமா சார், பலகைய மட்டும் மாத்துனேன். பழசு வேணாம்னீங்க, அதான் பிரெஞ்சுக்காரனாக்கிட்டேன்!"

திட்டத்தான் கூப்பிட்டேன், சிரிப்பு வந்துவிட்டது. விருந்தாளிகள் கேட்டால் இன்னமும் பிரெஞ்சு வீட்டு ஜன்னல் என்றுதான் சொல்கிறேன்.