சீமோன் குறைத்த எட்டு வயது

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் பகலில் ஓடும் ரயிலின் பழைய எஃகுப் பெட்டிகளைச் சீமோன் முப்பது வருடமாகக் கழுவினார். வரிவரியாக, வெள்ளிபோல மின்னும் பெட்டிகள். காற்றைக் கிழித்து ஓடவேண்டும் என்று கூரையை வளைத்து, கடைசிப் பெட்டியின் பின்புறத்தை உருட்டிச் செய்திருந்தார்கள். ஒரு காலத்தில் சீமாட்டிகள் தொப்பி போட்டுக்கொண்டு ஏறி, வெள்ளை விரிப்பில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, ஏரியைப் பார்த்தபடி போன ரயில் அது. பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது, விமானம் மலிந்தது, விரிப்புப் போய்க் கடதாசிக் கோப்பை வந்தது. சீமோன் வேலைக்குச் சேர்ந்தபோது எஞ்சியிருந்தது அந்த மினுக்கம் மட்டும்தான். அதைத் தேய்த்துக் காப்பாற்றியதில் அவருடைய இரண்டு முழங்கால்களும் போயின.

இந்த வருடம் அந்தப் பெட்டிகளை ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் 1954 என்று தகடு அடித்திருக்கிறது. பெட்டிக்கு வயதை ஒளிக்க வழியில்லை. சீமோனுக்கு வழி கிடைத்தது, அதுதான் வினை.

1987இல் மன்னாரை விட்டு அகதியாகக் கனடாவுக்கு வரும்போது அவருக்கு இருபத்தொன்பது வயது.

"இருபத்தொண்டு எண்டு சொல்லும். இளம் பெடியன் எண்டால் கெதியாய் ஏற்பாங்கள்," என்றான் ஆள் அனுப்பும் ஏஜென்ற்.

மீசையை வழித்துவிட்டு எட்டு வயதைக் குறைத்தார். நம் சனத்தில் அப்படிக் குறைத்தவரும் கூட்டியவரும் எத்தனை பேர்! அன்றைக்கு அதைக் கெட்டித்தனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது நிர்வாகம் சொல்கிறது: அறுபது முடிந்தவர்கள் முழு ஓய்வூதியத்தோடு போகலாம், இந்த ஒரு முறை மட்டும். மற்றவர்கள் புது ரயிலுக்கு மாறவேண்டும். சீமோனுக்கு அறுபத்தேழு. பத்திரத்தில் ஐம்பத்தொன்பது.

மனைவி யூஜினி ஊர்க் கோயிலுக்கு எழுதி, அவருடைய ஞானஸ்நானப் பத்திரத்தை எடுப்பித்தாள்.

"கோயில் ஏடு பொய் சொல்லுமே? கொண்டுபோய்க் காட்டுங்கோ. உந்தக் காலோட இன்னும் எத்தினை வருஷம் இழுபடப் போறியள்?"

அதை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். எதிரே ஓய்வூதிய விண்ணப்பங்களைப் பார்க்கும் ஜெசிகா, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. வாயைத் திறக்கப் போனவருக்கு, பழைய பொய் ஒன்றுக்காகக் குடியுரிமை விசாரணைக் கடிதம் வந்த பிறம்ரன் நகரத்துத் தமிழர் ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. யூஜினியை இதே பொய் வயதில்தான் அவர் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார். தன்னுடையது போனால் போகட்டும். அவளுடையதையும் கிண்டினால்? ஜக்கெற்றுக்குள் போன கையைச் சீமோன் வெறுமனே வெளியே எடுத்தார்.

"அங்கிள், வேற டொக்கியுமென்ற்ஸ் ஏதும் இருக்கா?"

"இல்லைப் பிள்ளை."

"யூ ஆர் லக்கி, அங்கிள். ஸ்ரில் யங்! புது ட்ரெயின்ல உங்களுக்கு வேலை ஷுவர்."

புது ரயிலுக்கு மாறச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். நன்றியும் சொன்னார், வெட்கக்கேடு.

வெளியே வந்ததும் யூஜினியின் அழைப்பு. "காட்டினியளே?"

தனக்காகத்தான் அவர் ஓய்வூதியத்தை விட்டுவிட்டார் என்று தெரிந்தால் அவள் நிம்மதியாகச் சாப்பிடமாட்டாள்.

"ஓம், காட்டினன். கோயில் பேப்பர் செல்லாதாம். நாளைக்குப் புது வேலை துவங்குது, என்னை அஞ்சு மணிக்கு எழுப்பிவிடும்."