பலகைக்கு அடங்கிய வசனம்

எங்கள் சபை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மாதப் பிறப்பன்று அதில் வாக்குத்தத்த வசனம், அதாவது கடவுள் தரும் வாக்காக ஒரு பைபிள் வரி, எழுதுவது பல வருஷமாக என் வேலை. போதகர் செல்போனில் வசனத்தை அனுப்புவார். நீளமாக இருந்தால் பலகைக்கு அடங்குகிற அளவில் வெட்டிக்கொள்வேன். பட்டாபிராம் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் நின்று படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்வார்கள். வசனத்தின் மீதி எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பார்கள்? வேதத்தைத் திறக்கிற ஜனமா இது! 'எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவேன்' என்பது, அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. நம்மாட்கள் அதைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பூந்தமல்லி ரோட்டில் முன்னால் போகிறவனைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறார்கள். 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்றவர், பட்டினி கிடக்கவும் பழகிவிட்டேன் என்று சிறையிலிருந்து எழுதியவர். வேலப்பன்சாவடி காலேஜ் பிள்ளைகளுக்கு அது அரியர் பரீட்சைக்கான மந்திரம். இவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டுப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை இடது கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினாள். புருஷன் பிடித்துத் தள்ளியதில் மணிக்கட்டு உடைந்திருந்தது. இது மூன்றாவது முறை. இனி போகமாட்டேன் என்றாள்.

மறுநாள் சாயங்காலமே போதகர் வந்துவிட்டார். காபியைக் குடித்துவிட்டு வேதத்தில் மல்கியா புத்தகத்தைத் திறந்தார்.

"தள்ளிவிடுதலை, அதான் விவாகரத்தை, கர்த்தர் வெறுக்கிறாரும்மா. ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும். நீதான் பொறுத்துப் போகணும். ஊட்டுக்குப் போயிடும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்த வேதத்தை வாங்கி, முன்னும் பின்னும் சேர்த்துச் சத்தமாக வாசித்தேன். அந்த இடத்தில் ஏச்சு வாங்குகிறவர்கள் ஆண்கள். கட்டின மனைவிக்குத் துரோகம் செய்துவிட்டுக் காணிக்கையோடு வருகிறாயே, அது எனக்கு வேண்டாம் என்று கடவுள் அவர்களைத்தான் விரட்டுகிறார். அடிபட்டவளை அடித்தவனிடமே திருப்பி அனுப்பு என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

"பிசாசும் வசனம் பேசும், பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போதகர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஜெயித்துவிட்ட திமிரோடு தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"எங்க ஊட்டு ஹால்ல ஒரு பிரேம் மாட்டிகீதே, அது யாரு எழுதினது அண்ணா?"

நான்தான். அவள் கல்யாணத்துக்கு என் கையால் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது. 'மனைவிகளே, உங்கள் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்.' புருஷன் தன் சொந்த உடம்பைப் போல மனைவியை நேசிக்க வேண்டும் என்று அதே பகுதியில் கீழே வருவது எனக்குத் தெரியாததல்ல. பிரேம் சின்னது. பூ வேலைப்பாட்டுக்கு வேறு இடம் விட வேண்டியிருந்தது.

"ஒவ்வொரு தபாவும் அடிச்சி முடிச்சிட்டு, அத்தப் படிக்கச் சொல்லுவாரு. சத்தமா" என்றாள்.

போதகரிடம் அவ்வளவு பேசிய எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த நாள் அவள் துணிமணிகளை எடுத்து வரக் காட்டுப்பாக்கம் போனேன். அவள் புருஷன் தடுக்கவில்லை. பையை நிரப்பிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் பிரேமில் கை வைத்தபோதுதான் சோபாவிலிருந்து எழுந்தான்.

"இன்னா மச்சான், அத்த மட்டும் உட்டுடு. சாமி வார்த்த. எவ்ளோ அழகா எழுதிக்கீற!"

இத்தனை வருஷத்தில் என் எழுத்தை மெச்சியவன் அவன் ஒருவன்தான்.